உப்புக் காற்றும் பிறேக் குழாயும்

மன்னார்த் தீவிலே குடியிருப்போருக்கு உப்பென்பது அடுக்களைச் சாடியோடு முடிந்துவிடும் பொருளன்று. சோளகக் காற்று வீசும் மாதங்களில் அது யன்னற் கம்பியில் இருக்கும். சைக்கிள் சங்கிலியில் இருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் அங்கேயும் ஒரு மங்கற் படலமாக இருக்கும். வாடைக் காற்றுத் தொடங்கிவிட்டால் மறுபக்கக் கடலின் உப்பு வந்து சேரும். இருபுறமும் கடல், நடுவே ஒடுங்கிய மணற்றிடல், அதன்மேல் நாம். புதிதாக வாங்கிய கதவுப் பிணைச்சல் எத்தனை ஆண்டு நிற்குமென்று இங்குள்ள கடைக்காரரைக் கேட்டால் அவர் சிரிப்பதோடு சரி. இக்காற்றினாற் பயனில்லையென்று சொல்லிவிடவும் முடியாது. 2020ஆம் ஆண்டின் இறுதியிலே தீவின் தென்கரையில் 30 பெருங் காற்றாடிகளைக் கொண்ட 103.5 மெகாவாற்று மின்னிலையம் தொடக்கி வைக்கப்பட்டது. ஆயினும், அந்தக் காற்றாடிகளைச் சுழற்றும் அதே காற்று எமது வீட்டு முற்றத்தில் நின்ற காருக்கு என்ன செய்தது என்பதையே இங்கே சொல்ல வந்தோம்.

எமது கார் ஒரு மொரிஸ் மைனர். ‘ஸ்ரீ’ இலக்கத் தகடு பூண்டது, எமக்கு மூத்தது. தந்தையார் ஓட்டியது என்பதனால் அதனை விற்க மனம் வரவில்லை என்று பிறருக்குச் சொல்லுவோம். உண்மையில் வேறொன்றை வாங்கும் வசதி ஒரு கல்லூரி ஆசிரியருக்கு இலகுவில் வாய்ப்பதில்லை என்பதும் ஒரு காரணம். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025இன் தொடக்கத்திலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுகளிலே பழைய வண்டிகளின் விலை ஏறிய ஏற்றத்தை யாவரும் அறிவர். அதற்கு முன்பே வடபகுதியார் பழைய கார்களோடு வாழப் பழகியவர்கள். 1990இன் பின் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் தடைப்பட்டிருந்த காலத்தில், ஒரு சொட்டுப் பெற்றோலில் உயிர் பெறச் செய்து பின் மண்ணெண்ணெயிலே கார் ஓட்டிய கதைகளை நாற்பது வயது கடந்த எவரும் சொல்லுவர். அன்று கைகொடுத்தவை ஒஸ்ரின், மொரிஸ் முதலிய எளிய ஆங்கிலக் கார்களே. இயந்திரத்தை ஓட வைப்பதில் நம்மவருக்குள்ள கெட்டித்தனத்தை அதனை நிறுத்துவதிலும் காட்டுகிறோமா என்பதுதான் எமது ஐயம்.

சென்ற மாசி மாதம், சிவராத்திரிக்கு இரண்டு நாட்கள் முன்பு, மாலை வேளையில் மன்னார் நகர்த் தெருவால் வந்துகொண்டிருந்தோம். எமது நகரத்துத் தெருக்கள் கழுதைகளுக்கும் உரியவை என்பதை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும். அவை கூட்டமாக நிற்கும், கூட்டமாக நகரும், ஹோர்ண் ஒலிக்கு மதிப்புக் கொடா. அன்று ஒரு தாயும் குட்டியும் வீதியைக் கடந்தன. வழக்கம்போல் பிறேக்கை மிதித்தோம். மிதி வழக்கமான இடத்தில் நில்லாது பஞ்சில் அழுந்துவது போலக் கீழே போயிற்று. மறுமுறை மிதித்தபோது பிடித்துக்கொண்டது. குட்டிக்கும் காருக்கும் இடையே நின்ற தூரத்தை ஒரு சாணென்று சொன்னால் அது மிகையாகாது. பின்னாசனத்தில் இருந்த எமது அன்னையார், “கழுதைக்கும் ஒரு கடவுள் இருக்கு” என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, டோச் லைற்றுடன் மணலிற் படுத்துப் பார்த்தோம். இடப்பக்கப் பின்சில்லுக்குச் சற்று முன்னால், வண்டியின் அடித்தளத்தோடு ஒட்டி ஓடும் மெல்லிய இரும்புக் குழாயில் ஈரம் மினுங்கிற்று. விரலில் தொட்டு முகர்ந்தால் எண்ணெயின் வழுவழுப்பும் ஒரு விதமான கார மணமும். அது பிறேக் ஒயில் என்பதில் ஐயமிருக்கவில்லை.

அன்றிரவு வீட்டிலே ஒரு சிறு வழக்கு எழுந்தது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் எமது வாசலில் இருந்து அதிக தூரமில்லை. சிவராத்திரியன்று பாலாவியில் நீராடி இறைவனைத் தரிசிக்க வேண்டுமென்பது அன்னையாரின் ஆண்டு நியமம். முழங்கால் நோவினால் பேருந்துப் படியேறுவது அவருக்குத் துன்பம். அயலிலுள்ள தம்பிமார் இருவர் உதவிக்கு வந்தனர். “சேர், இது சின்ன வேலை. பின் குழாயை மடிச்சு நசுக்கி விட்டால் முன் பிறேக் பிடிக்கும். கோயிலுக்குப் போய் வந்த பிறகு ஆறுதலாப் பாப்பம்” என்றனர். நெடுந்தெருவிலே அகப்பட்டுக்கொண்ட லொறிக்காரர்கள் இவ்வாறு செய்வதை நாமும் கண்டதுண்டு. ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறோம்: ஒரு நாழிகை நேரம் அந்த யோசனை எமக்கும் நல்லதாகவே தோன்றிற்று. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதி மனக்கண்ணில் வந்தபோதுதான் மனம் மாறிற்று. ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் நீளம், இருபக்கமும் நீர், சிவராத்திரிக் கூட்டம், நடந்து செல்வோர், சைக்கிளிற் செல்வோர், பேருந்துகள். போர்க்காலத்தில் 1990இலே பழைய பாலம் தகர்க்கப்பட்டு, 2010இலே புதுப்பாலம் திறக்கப்படும் வரையில் நாம் அந்த வழியைக் கடக்கப் பட்ட பாடெல்லாம் நினைவுக்கு வந்தது. அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற பாலத்தின்மேல், நசுக்கிய குழாயொன்றை நம்பிப் பிறருடைய பிள்ளைகளின் நடுவே வண்டி ஓட்டுவதா? கார் முற்றத்தில் நின்றது. அன்னையார் எமது தோளைப் பிடித்துக்கொண்டு பேருந்தில் ஏறினார்.

பேருந்தின் நெருக்கடியில் நின்றபடி எமது மூத்த மகள் ஒரு கேள்வி கேட்டாள். அவள் உயர்தர வகுப்பு மாணவி. “அப்பா, அவ்வளவு சின்னக் குழாய்க்குள்ள இருக்கிற எண்ணெய் எப்படி ஒரு காரை நிப்பாட்டுது?” இதற்கு விடை சொல்வதில் ஓர் ஆசிரியருக்கு உள்ள இன்பத்தை வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

மூடிய பாத்திரமொன்றிலே நிறைந்துள்ள திரவத்தின் ஓரிடத்திற் கொடுக்கும் அமுக்கம் எல்லாத் திசைகளிலும் குறையாது கடத்தப்படும் என்பது பதினேழாம் நூற்றாண்டிலே பிரான்சில் வாழ்ந்த பஸ்கால் கண்ட உண்மை. காலால் மிதியை 30 கிலோ நிறைக்குச் சமமாக அழுத்துகிறோமென்று கொள்ளுவோம். மிதி ஒரு நெம்புகோல். அது அவ்விசையை ஐந்து மடங்காக்கினால் 150 கிலோ. அது 4 சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள ஓர் ஆடுதண்டைத் தள்ளினால், ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றர் மேலும் 37 கிலோவுக்கு மேற்பட்ட அமுக்கம் பிறக்கிறது. காரின் ரயருக்குள் இருக்கும் காற்றின் அமுக்கம் ஏறக்குறைய 2 கிலோதான். ஆகவே ரயரைப் போலப் பதினெட்டு மடங்கு அமுக்கத்தைத் தாங்குவது எழுதுகோலிலும் மெலிந்த ஒரு குழாய்! அதன் வெளிவிட்டம் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு. மில்லிமீற்றரிற் சொன்னால் ஐந்துக்குச் சற்றுக் குறைவு. சுவரின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் முக்காற் பங்குகூட இல்லை. ஆடுதண்டு இருக்கும் பகுதிக்கு ‘மாஸ்டர் சிலிண்டர்’ என்று பெயர். (எம்மூரில் எம்மையும் ‘மாஸ்டர்’ என்றுதான் அழைக்கின்றனர், அமுக்கத்தைத் தாங்குவதில் ஒற்றுமை உண்டு போலும்.)

மோட்டார் வண்டியில் இத்தத்துவத்தைப் பயன்படுத்தியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான மல்கம் லொக்ஹீட். 1921இல் வெளிவந்த டூசன்பேர்க் கார் நான்கு சில்லுகளுக்கும் திரவ பிறேக் பூண்டிருந்தது. அதற்கு முன் கம்பியும் கோலுமே இழுத்துப் பிடித்தன. திரவ முறையின் சிறப்பு, நான்கு சில்லுகளுக்கும் விசை சமமாகப் போய்ச் சேர்வது. அதன் ஆபத்தும் அங்கேயே உண்டு. எமது கார் போன்ற பழைய வண்டிகளில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே சுற்று. எந்த ஒரு மூலையில் ஓட்டை விழுந்தாலும் நான்கும் போயின. இன்றைய வண்டிகளில் சுற்றை இரண்டாகப் பிரித்திருப்பதனால் ஒன்று போனாலும் மற்றது பாதியளவேனும் பிடிக்கும். பழைய காரை விரும்பி வைத்திருப்போர் இவ்வேறுபாட்டை மறக்கலாகாது.

சிவராத்திரி கழிந்தபின், பேசாலையைச் சேர்ந்த முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தோம். படகுகளின் இயந்திரங்களைத் திருத்துவதில் கைதேர்ந்தவர். கார் அவருக்கு இரண்டாந் தொழில். அவர் ஒழுகிய இடத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. குழாயை அடித்தளத்தோடு பிடித்திருந்த கவ்விகளுள் வேறொன்றைக் கழற்றினார். அதன் அடியிலே கறுத்த ஈரச் சேறு. மழுங்கிய கத்தியின் முதுகால் ஒருமுறை சுரண்டினார். குழாயின் தோல் செதில் செதிலாக உரிந்தது. “மாஸ்டர், உப்பு வெளியில நிண்டு சண்டை பிடிக்காது. ஒளிச்சிருந்து தின்னும்” என்றார்.

“ஒழுகிற துண்டை மட்டும் வெட்டிப் போட்டு ஒட்டேலாதோ அண்ணை?” என்று கேட்டோம்.

“இண்டைக்கு இந்தத் துண்டு. நாளைக்குப் பக்கத்துத் துண்டு. எல்லாம் ஒரு நாளில பூட்டினது. ஒரே உப்பைத் தின்டது. முழுக்க மாத்துங்கோ.”

அவர் சொன்னதன் இரசாயனம் பள்ளிப் பாடமே. இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் வேண்டும். உப்புக் கரைந்த நீர் மின்னைக் கடத்துவதனால் அவ்வேலை விரைவாக நடக்கிறது. காற்றின் ஈரப்பதன் எழுபத்தைந்து வீதத்தை எட்டும்போது சாதாரண உப்பு தானே நீரை ஈர்த்துக் கசியத் தொடங்கும். கடலுப்பிலோ மகனீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது; அதற்கு அதனினும் மிகக் குறைந்த ஈரமே போதும். சாடியிலுள்ள கல்லுப்பு மாரிகாலத்தில் நீர் விடுவதைக் கண்ட இல்லத்தரசிகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆகவே மழையே பெய்யாத நாளிலும் எமது காரின் அடிப்பாகம் உலருவதில்லை. அதிலும் கவ்வியின் அடியில் காற்றுப் புகாத இடுக்கிலே, ஒட்சிசன் குறைந்த பகுதிக்கும் மிகுந்த பகுதிக்கும் இடையே ஒரு சிறு மின்கலமே உண்டாகிவிடுகிறது. அரிப்பு அங்கே பரவலாக நடப்பதில்லை. ஊசி குத்தியதுபோல் ஆழமாக இறங்குகிறது. வெளியே பார்ப்பவருக்கு மேல்வண்ணம் மட்டும் தெரியும்.

இது எம்மவருக்கு மட்டுமுள்ள துன்பமன்று. பனி பெய்யும் நாடுகளிலே வீதியிலுள்ள பனிக்கட்டியைக் கரைப்பதற்கு அவர்களே உப்பைக் கொட்டுகின்றனர். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் பிறேக் குழாய்கள் துருப்பிடித்து வெடித்தமை பற்றி 2010இல் ஒரு விசாரணையைத் தொடங்கி 2015இல் முடித்தது. வண்டியின் வயதும் வீதியின் உப்புமே காரணமென்றும், உப்பிடும் மாநிலங்களில் உள்ளோர் வண்டியின் அடிப்பாகத்தை நன்றாகக் கழுவிக் குழாய்களைப் பரிசோதிக்க வேண்டுமென்றும் அது மக்களுக்கு அறிவித்தது. அவர்கள் விலைகொடுத்து வாங்கிக் கொட்டும் உப்பை எமக்குக் கடல் இலவசமாக, அதுவும் ஆண்டு முழுவதும், தருகிறது.

இனி எதனால் மாற்றுவது என்ற கேள்வி. இங்கேதான் பலர் வழுக்குகின்றனர். பழைய குழாய் மெல்லிய உருக்குத் தகட்டை இருமடிப்பாகச் சுருட்டிச் செய்தது. அதே வகையை மீண்டும் போடலாம்; சில ஆண்டுகளில் அதே கதை. குளிர்சாதனப் பெட்டி திருத்துவோரிடமுள்ள செப்புக் குழாய் கையில் அகப்படும், மலிவு, துருவும் பிடியாது. “அதைப் போடுங்கோ” என்று எமக்கும் ஒருவர் சொன்னார். கூடாது. தனிச் செப்பு மென்மையானது; வண்டியின் ஓயாத அதிர்விலே களைத்து, இணைப்பின் அருகே ஒருநாள் வெடித்துவிடும். துருவுக்குப் பயந்து வெடிப்பை வாங்குவது நல்ல வணிகமன்று. ஏற்றது செப்பு-நிக்கல் கலப்புலோகக் குழாய். நூற்றுக்குப் பத்துப் பங்கு நிக்கலும், சிறிதளவு இரும்பும் மங்கனீசும், மீதி செப்பும் கொண்டது. கப்பல்களிலே கடல்நீர் ஓடும் குழாய்களுக்கு இதே இனத்துக் கலப்புலோகத்தைப் பயன்படுத்துகின்றனர் என்றால் மன்னார்க் காற்றுக்கு அது அஞ்சுமா? சுவீடன் நாட்டு வொல்வோ நிறுவனம் 1970களிலேயே தன் கார்களில் இதனைப் பூட்டத் தொடங்கிவிட்டது. உருக்கைவிட விலை அதிகம். ஆனால் 25 அடிச் சுருளொன்று ஒரு சிறிய காருக்குப் போதும்.

கொழும்பிலே பஞ்சிகாவத்தைக்குப் போய்வரும் நண்பரொருவர் மூலம் சுருளை வரவழைத்தோம். குழாய் சரியாக வந்தது, நட்டுகள் வேறு. பிழை எம்முடையதே. எமது காரின் திருகுப்புரி அங்குல அளவு. வந்தவையோ மெற்றிக் அளவு. கண்ணுக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும். ஒன்றை மற்றொன்றின் இடத்திலே முடுக்கினால் இரண்டு மூன்று சுற்று இணங்கிப் போய்ப் பின் இறுகும்; இறுகிவிட்டதென்று நாம் மகிழ்வோம்; உள்ளே புரி அழிந்திருக்கும். சரியான நட்டு வருவதற்கு மேலும் பன்னிரண்டு நாட்கள் சென்றன. அந்நாட்களில் எமது இல்லாள் முற்றத்தில் சில்லின்றி நின்ற காரைக் காட்டி, வருவோர் போவோருக்கெல்லாம் “ஆராய்ச்சி நடக்குது” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலை தொடங்கிய ஞாயிறன்று மெக்கானிக் அண்ணை முதலிற் செய்தது வண்டியின் கீழ் நான்கு உறுதியான தாங்கிகளை நிறுத்தியது. ஜக் உயர்த்துவதற்கே உரியது. அதை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே போகக் கூடாதென்று மகளிடமும் சொன்னார். எமது முற்றமோ மணல். ஆதலால் தாங்கிகளின் அடியில் தடித்த பலகைகளை இட்டோம். அதற்கு முந்திய இரண்டு இரவுகளிலும் இணைப்புகளிலெல்லாம் துரு இளக்கும் எண்ணெய் விட்டிருந்தோம். அப்படியிருந்தும் பாதி நட்டுகள் அசையவில்லை. சாதாரண ஸ்பனர் அவற்றின் மூலைகளை உருட்டிவிடும். குழாய் நுழையுமளவு வாய் வெட்டிய ரிங் ஸ்பனர் வேண்டும். அதற்கும் அடங்காதவற்றைக் குழாயோடு சேர்த்து இரும்பு வாளால் அறுத்து, மேலிருந்து ஆறுபக்கக் குழல் ஸ்பனரைப் பொருத்திக் கழற்றினார். பழைய குழாய் எப்படியும் குப்பைக்கே. அதைக் காப்பாற்றப் போய் விலைமிக்க இணைப்பைக் கெடுப்பானேன் என்பது அவர் நியாயம்.

கழற்றிய குழாய்களை நேராக்காமல் அதே வளைவுகளோடு சீமெந்துத் தரையிலே பரப்பி, மகள் வெண்கட்டியால் அவற்றின் வடிவத்தை வரைந்தாள். புதுக்குழாயை அக்கோட்டின்மேல் வைத்துக் கையாலேயே வளைக்கலாம். இறுக்கமான வளைவுக்கு உருண்டையான ஒரு போத்தல் உதவிற்று. மடிப்பு விழுந்தால் அத்துண்டு உதவாது. சைலன்சரின் சூடு படாமலும், அசையும் எதிலும் உரசாமலும், பழைய வழியே போவதுதான் பாதுகாப்பு. நம் புத்திசாலித்தனத்தால் புதுவழி கண்டுபிடிக்கும் இடம் இதுவன்று.

இனி வருவது இவ்வேலையின் உயிர்நிலை. குழாயின் வாயைப் புனல்போல் விரித்து, அந்த விளிம்பையே உள்ளே மடித்து இருமடிப்பாக்க வேண்டும். அந்த மடிப்பே நட்டினால் நசுக்கப்பட்டு ஒழுக்கைத் தடுப்பது. வேறு பசையோ நாரோ ரப்பரோ இல்லை. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் அழுத்த வளையங்களை இங்கே போடுவது தற்கொலைக்குச் சமம். குழாயைச் செங்குத்தாக வெட்டி, உட்புறப் பிசிறை நீக்கி, அச்சிலே பிடித்து, திருகு கருவியை மெல்ல இறக்க வேண்டும். எமது முதலாவது மடிப்பு ஒருபக்கம் சாய்ந்தது. இரண்டாவதில் நூலிழை போன்ற ஒரு வெடிப்பு. அண்ணை அதைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெட்டி எறிந்தார். ஆறாவதிலேதான் தலையசைத்தார். ஒழுகினால் உள்ளே தெரியுமோவென்ற எண்ணத்தில் “பரவாயில்லை” என்று சொல்லும் ஒருவருக்கு இவ்வேலை ஆகாது.

பின்பு கை படிந்துவிட்டது. பின்னச்சுக்குப் போகும் நீண்ட குழாயின் இரு முனைகளையும் பூப்போல மடித்து முடித்து, அதை உயர்த்திப் பிடித்துப் பெருமையோடு நின்றோம். மகள் மெதுவாக, “அப்பா, நட்டைப் போட மறந்திட்டீங்கள்” என்றாள். மடித்த வாயின் மேலாக நட்டு நுழையாது. மடிக்கும் முன்பே அதைக் கோத்துவிட வேண்டும். இதைத் தாமே அவளுக்கு அரைமணி முன்பு விளக்கியவர் நாமே. அண்ணை வாய்விட்டுச் சிரித்தது அன்று அந்த ஒரு தடவைதான். ஒரு முனையை மீண்டும் வெட்டினோம்; நல்லகாலம், நீளம் போதியதாயிருந்தது.

இரும்புக் குழாய்களோடு மூன்று ரப்பர்க் குழாய்களையும் மாற்றினோம். முன்சில்லுகள் திரும்புவதற்கும் பின்னச்சு ஏறி இறங்குவதற்கும் இடங்கொடுப்பவை அவை. வெளியே நல்லனபோல் தோன்றினும் உட்புறம் வீங்கி வழியடைத்திருக்கும். எண்ணெயிலும் சிக்கனம் கூடாது. இந்த எண்ணெய் காற்றிலுள்ள நீரை உறிஞ்சும் இயல்புடையது. ‘டொட் 3’ எனப்படும் வகை புதிதாயிருக்கும்போது 205 பாகை செல்சியசு வரையில் கொதியாது. நீர் ஏறிய பின் அது 140 பாகையளவுக்கு இறங்கிவிடலாம். கொதித்தால் ஆவி; ஆவி அமுங்கும்; மிதி தரையைத் தொடும். ஆகவே திறந்து வைத்த பழைய ரின்னும், கழற்றும்போது ஏந்திய எண்ணெயும் மீண்டும் உதவா. அது நஞ்சு; காரின் வண்ணத்தையும் உரித்துவிடும். எமது கிணறுகளோ மணலின் மேற்படையிலுள்ள நல்ல நீரை நம்பியவை. ஆதலால் பழையதை மணலில் ஊற்றாது போத்தலில் அடைத்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துக் கழிவெண்ணெய் எடுப்போரிடம் கொடுத்தோம்.

இறுதியாக ‘எயார் எடுத்தல்’. குழாய்களுக்குள் அகப்பட்ட காற்றை வெளியேற்றுவது. இதற்குக் குடும்பம் முழுவதும் வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் இக்காரில் ஓட்டுநரின் காலடித் தளத்தின் கீழே இருக்கிறது. கம்பளத்தைத் தூக்கி, மூடியைத் திறந்து, எண்ணெய் குறையாமல் வார்த்துக்கொண்டே இருப்பது மகளின் கடமை. மிதியை மிதிப்பவர் இல்லாள். ஆகத் தொலைவிலுள்ள இடப்பக்கப் பின்சில்லில் தொடங்கி, காற்றுத் திருகாணியில் தெளிந்த நிறமற்ற குழலை மாட்டி, அதன் மறுமுனையைப் புது எண்ணெயுள்ள போத்தலில் அமிழ்த்தி அண்ணை கீழே படுத்திருந்தார். “அமத்துங்கோ... பிடியுங்கோ... விடுங்கோ.” திருகாணி திறந்திருக்கும்போது மிதியை விட்டால் வெளியேறிய காற்று மீண்டும் உள்ளே போய்விடும்; ஆகையால் அவர் பூட்டிய பின்பே ‘விடுங்கோ’ வரும். முதலில் குமிழிகள் கொத்துக் கொத்தாக வந்தன, பின் ஒவ்வொன்றாக, பின் வெறும் எண்ணெய். நான்கு சில்லுகளும் முடிய இரண்டு மணி நேரம் சென்றது. “இஞ்சேருங்கோ, இப்ப கல்லுமாதிரி நிக்குது” என்று காருக்குள்ளிருந்து குரல் வந்தபோது, அன்று காலையிலிருந்து முதன்முறையாகத் தேநீரின் நினைவு வந்தது.

அத்தோடு முடிந்துவிடவில்லை. அவர் முழுப்பலத்தோடு ஒரு நிமிடம் மிதியை அழுத்திப் பிடித்திருக்க, நாம் ஒவ்வோர் இணைப்பாக வெளிச்சம் பிடித்து, உலர்ந்த தாளால் ஒற்றிப் பார்த்தோம். ஓரிடத்தில் தாள் நனைந்தது. சிறிது முடுக்கியவுடன் நின்றது. காரை ஒரு நாள் அப்படியே நிறுத்தி வைத்து மறுநாள் மீண்டும் பார்த்தோம். பின்பு ஆளில்லாத வெளியொன்றிலே நடை வேகத்தில் ஓட்டி, நிறுத்தி, ஓட்டி, நிறுத்தி, அதன் பின்பே வீதிக்கு வந்தோம். இவ்வேலையை வீட்டில் செய்யலாமா என்று கேட்கும் வாசகர்களுக்கு எமது விடை: கழற்றலாம், வரையலாம், வளைக்கலாம், கழுவலாம், ஆனால் அந்த மடிப்பையும் இறுதிப் பரிசோதனையையும் அனுபவமுள்ள ஒருவரின் கண் பார்க்காமல் வண்டியை வீதியில் இறக்கலாகாது. நாம் அண்ணையின் கையாளாகவே இருந்தோம்; தலைமை வகிக்கவில்லை.

ஒன்றை இங்கே கேட்கத் தோன்றுகிறது. ஆண்டுதோறும் எமது கார்களுக்கு வருமான அனுமதிப்பத்திரம் பெறும்போது புகைப் பரிசோதனைச் சான்றிதழ் காட்டுகிறோம். நல்லது, காற்று யாவர்க்கும் பொது. வீதியும் அவ்வாறே பொதுவன்றோ? இங்கிலாந்தில் வண்டிகளுக்கு நடத்தும் ஆண்டுப் பரிசோதனையிலே பிறேக் குழாயின் துருவையும் பார்த்து, மிகுந்திருந்தால் வண்டியைத் தள்ளிவிடுகின்றனர். கரையோர மாவட்டங்களிலாவது அத்தகைய ஒரு பார்வை வேண்டும். டோச் லைற் ஒன்றும், கீழே குனியக்கூடிய ஒருவரும் போதும்.

புறப்படும்போது அண்ணையிடம், இனி இத்தொல்லை வராதிருக்க என்ன செய்வதென்று கேட்டோம். “பேசாலையில போட்டு எஞ்சினை என்ன செய்யிறாங்கள் எண்டு பாருங்கோ மாஸ்டர். கடலால வந்தவுடன நல்ல தண்ணி ஓட விடுவாங்கள். அவனுக்குச் சோறு பிறகுதான், எஞ்சினுக்குத் தண்ணி முதல்” என்றார். நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு அலையும் ஊரிலே காருக்கு வாளி வாளியாய் ஊற்றுவதா என்று இல்லாளுக்குக் குறை. குளியலறை நீரைத் தெளியவிட்டுப் பயன்படுத்தலாமென்று நாம் சொல்ல, சவர்க்கார நீர் வேண்டாமென்று மகள் மறுக்க, ஈற்றிலே ஞாயிறுதோறும் இரண்டு வாளி என்ற உடன்பாட்டுக்கு வந்தோம். கவ்விகளின் அடியிலே முதல் வாளி, மீதிக்கெல்லாம் இரண்டாவது.

ஒழுகிய பழைய துண்டை நாம் எறியவில்லை. நெடுக்காக இரண்டாகப் பிளந்து எமது வகுப்பறை அலுமாரியில் வைத்திருக்கிறோம். கவ்வி இருந்த இடத்தில் சுவர் தாளளவு மெலிந்திருப்பதை வெளிச்சத்திற் பிடித்தால் காணலாம். ஓட்டையோ கடுகின் பாதியளவு. மாணவர் பார்த்தனர், அவர்களிற் சிலர் வீட்டிற் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சென்ற கிழமை எம்மோடு படிப்பிக்கும் நண்பரொருவர் மழுங்கிய கத்தியொன்றை இரவல் கேட்டு வந்தார். அவருடைய கார் இப்போது எமது முற்றத்திலே தாங்கிகளின்மேல் நிற்கிறது. குழாய்ச் சுருள் வந்துவிட்டது. நட்டுகள் இன்னும் வரவில்லை. இம்முறை அங்குல அளவென்று எழுதியே அனுப்பியிருக்கிறோம்.